கருப்பு வண்டியும் கண்ணாடி மெருகும்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

கருப்பு நிற வண்டிக்கு நம் வட்டாரத்தில் என்றும் தனி மதிப்பு உண்டு. இளம்பிள்ளையில் சேலைக் கட்டு ஏற்றிச் செல்லும் மொபெட்டாயினும் சரி, கல்யாணம் காட்சிக்கு மட்டும் வெளியே வரும் புல்லட்டாயினும் சரி, கருப்பு என்றால் ஒரு கம்பீரம். ஆனால் வாங்கிய ஆறாம் மாதமே நொந்துகொள்பவரும் கருப்பு வண்டிக்காரர்தான். வெயிலில் நிறுத்தினால் டேங்கின் மேல் சிலந்தி வலை பின்னியதுபோல் கீறல்கள் தெரிகின்றன. மழைக்காலம் போனால் வெள்ளை வெள்ளையாய்த் திட்டுகள். பட்டறைக்குக் கொண்டுபோனால், "தேறாதுங்க தம்பி, மொத்தமா உரிச்சு அடிச்சிடலாம்" என்று விடை வருகிறது. பெரும்பாலான வண்டிகளுக்கு இது தேவையே இல்லை என்பதும், வேண்டிய வேலையை வீட்டு நிழலிலேயே செய்துகொள்ளலாம் என்பதும் என் கருத்து. அதற்கு முன் வர்ணத்தின் இயல்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கருப்பு வர்ணம் மற்ற வர்ணங்களைவிட எளிதில் கீறிவிடும் என்று பலர் நம்புகின்றனர். அது ஒளி செய்யும் மாயம். வர்ணத்தின் மேற்பரப்பில் நேராக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காடு மட்டுமே கண்ணாடியில் பட்டதுபோல் திரும்புகிறது. எஞ்சியது உள்ளே சென்று நிறமியை அடைகிறது. வெள்ளை வண்டியில் நிறமி அவ்வொளியை எல்லாத் திசைகளிலும் சிதறவிட்டு வெளியே அனுப்பிவிடும். அந்த வெளிச்சப் பெருக்கில் ஒரு கீறல் சிதறடிக்கும் துளி ஒளி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கருப்பிலோ, நிறமியாக உள்ள கார்பன் உள்ளே வந்ததையெல்லாம் விழுங்கிவிடுகிறது. பின்னணி இருண்டு கிடப்பதால் ஒவ்வொரு கீறலும் மின்னித் தெரிகிறது. இரண்டு வண்டிகளையும் ஒரே துணியால் ஒரே மாதிரி துடைத்தால் இரண்டிலும் ஒரே அளவு கீறல்தான் விழும்.

அக்கீறல்கள் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. உண்மையில் அவை எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒளி வரும் திசைக்குக் குறுக்கே அமைந்த கீறல்கள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. ஆகவே அவை மட்டும் வளையம்போல் தெரிகின்றன. தலையை நகர்த்தினால் வளையமும் கூடவே நகரும். வீட்டிலுள்ள பழைய எவர்சில்வர் தட்டை வெயிலில் காட்டிப் பாருங்கள், இதே காட்சி கிடைக்கும்.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். பாலிஷ் போடுவது என்றால் வர்ணத்தின் மேல் ஏதோ ஒன்றைப் பூசுவது என்று நாம் நினைக்கிறோம். பாலிஷில் உள்ளது மிக நுண்ணிய அரைப்புத் தூள். கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள வர்ணத்தைத் தேய்த்துக் கழிப்பதே அதன் வேலை. வீட்டுத் தளத்தில் ஒரு பள்ளம் இருந்தால் தளம் முழுவதையும் செதுக்கிச் சமமாக்குவதற்கு ஒப்பானது இது. அப்படிச் செதுக்குவதற்கு நம்மிடம் எவ்வளவு இருக்கிறது? ஒரு வண்டியின் தொழிற்சாலை வர்ணம், அடிப்பூச்சு முதல் மேற்பூச்சு வரை எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் பளபளப்பைத் தரும் நிறமற்ற மேலடுக்கு, அதாவது கிளியர் கோட், 35 முதல் 50 மைக்ரான்தான். நம் தலைமுடியின் கனம்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்தும் அவ்வடுக்கில்தான் கலந்திருக்கிறது. மென்மையான பாலிஷைக் கையால் ஒருமுறை தேய்த்தால் கழிவது மிகச் சிறிது. கரடான ரப்பிங் காம்பவுண்டை மெஷினில் வைத்து ஓட்டினால் ஒரே நாளில் பல மைக்ரான் போய்விடும். போனது திரும்பாது. ஆகையால், பொங்கலுக்கு ஒரு முறை, ஆயுத பூசைக்கு ஒரு முறை என்று காம்பவுண்டு தேய்ப்பவர் தம் வண்டியின் ஆயுளைத்தான் தேய்க்கிறார்.

எல்லா வண்டிக்கும் கிளியர் கோட் இருக்கும் என்றும் கொள்ளலாகாது. மோட்டார் வர்ணத்தின் கதை சுவையானது. ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் 1908-இல் வந்தபோது வேறு நிறங்களிலும் கிடைத்தது. 1914 முதல் 1925 வரை கருப்பில் மட்டுமே விற்றார்கள். தாருக்கு உறவான ஆஸ்பால்ட் சேர்ந்த கருப்பு எனாமல் அது. பின்னர் டூப்பாண்ட் நிறுவனம் 1923-இல் டூக்கோ என்னும் லாக்கரைக் கொண்டுவந்தது. பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பக்குவம் செய்து பெறும் நைட்ரோசெல்லுலோஸே அதன் மூலப்பொருள். அதுவரை வாரக்கணக்கில் காய்ந்த வேலை மணிக்கணக்கில் காய்ந்தது. இன்று நம் பட்டறைகளில் எந்த ஸ்பிரே பெயிண்டையும் டூக்கோ என்றே சொல்கிறோம். தறி ஓடும் ஊரில் பிறந்த நமக்கு, அது பருத்தி தந்த வர்ணத்தின் பெயர் என்பது தெரியாமல் போனது வேடிக்கைதான். நிறம் ஓர் அடுக்கு, அதன் மேல் நிறமற்ற அடுக்கு என்ற முறை 1980-களில் உலகெங்கும் பரவத் தொடங்கி, நம் நாட்டுக்குப் பிறகு வந்தது. பழைய புல்லட், அம்பாசிடர் வண்டிகள் பலவற்றில் நிறமும் மெருகும் ஒரே அடுக்குதான்.

உங்கள் வண்டி எவ்வகை என்று அறிய, வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டு, கண்ணில் படாத ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் கருப்பு இறங்கினால் ஓரடுக்கு வர்ணம். இறங்காவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. ஓரடுக்கு வர்ணம் வெளுத்துச் சாம்பல் பூத்ததுபோல் இருந்தாலும் பயப்பட வேண்டாம். வெளுத்த மேல்தோல் கழிந்ததும் உள்ளே நல்ல கருப்பு இருக்கும். கிளியர் கோட் வெளுத்துப் பாம்புச் சட்டைபோல் உரியத் தொடங்கிவிட்டதோ, எந்தப் பாலிஷும் அதை மீட்காது. அங்கு மட்டும் பட்டறைக்காரர் சொல்வது சரி.

கீறல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் கையிலிருந்துதான். காலையில் வண்டியை எடுக்குமுன் காய்ந்த துணியால் 'பட்பட்' என்று தட்டி, நாலு தேய் தேய்த்துவிட்டுக் கிளம்புகிறோமே, அதுதான் தலையாய காரணம். இளம்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் கஞ்சமலை, இரும்புத் தாதும் குவார்ட்ஸ் என்னும் வெங்கச்சங்கல்லும் கலந்த மலை. குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. சன்னல் கண்ணாடியே 5.5 அளவில்தான் நிற்கிறது. சாலைப் புழுதியில் பொதுவாகவே இந்தக் குவார்ட்ஸ் பொடிதான் மிகுதி. அதன் மேல் காய்ந்த துணியை வைத்துத் தேய்ப்பது உப்புத்தாள் தேய்ப்பதற்குச் சமம். துணியிலும் கவனம் வேண்டும். நம் ஊரில் சேலைத் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஜரிகை ஓடிய துண்டும் முரட்டுப் பாலியஸ்டர் துண்டும் வர்ணத்துக்கு ஆகா. பழைய பருத்தி பனியன், தையலை வெட்டி நீக்கிவிட்டு, நன்று. இப்போது கடைகளில் கிடைக்கும் மைக்ரோ ஃபைபர் துணி அதனினும் நன்று. தரையில் விழுந்தால் மட்டும் துவைக்காமல் மீண்டும் தொடக்கூடாது.

கழுவும் முறையில் அதிசயம் ஒன்றுமில்லை. முதலில் தண்ணீரை ஊற்றிப் புழுதியை ஓடவிடுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் வண்டி ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிவிட்டே ஷாம்பு நீரில் முக்க வேண்டும். மேலிருந்து கீழாக வாருங்கள், மட்காடு கடைசி.

தண்ணீர்தான் நமக்குப் பெரிய சிக்கல். போர் தண்ணீரின் உப்பு பற்றி நம் வீட்டுப் பாத்திரங்களே சாட்சி சொல்லும். அத்தண்ணீர் கருப்பு டேங்கில் காய்ந்தால் கால்சியம், மக்னீசிய உப்புகள் வெள்ளை வட்டமாக நின்றுவிடும். சிக்கனம் கருதிச் சிலர் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரைச் சேர்த்து வைத்து வண்டி கழுவுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அந்த நீரில்தான் செறிந்திருக்கிறது. கருப்பு வண்டிக்கு அதைவிடக் கெட்ட நீர் வேறில்லை. அதைக் கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு ஒரு குடம் போதும். எந்த நீராயினும் வெயிலில் கழுவாமல், கழுவிய கையோடு ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். திட்டு ஏற்கெனவே விழுந்திருந்தால், வெள்ளை வினிகரைச் சம அளவு நீரில் கலந்து துணியில் நனைத்து, ஆறிய வர்ணத்தின் மேல் ஒரு நிமிடம் வைத்துப் பின் நன்றாக அலசலாம். குரோமிலும் அலுமினியத்திலும் அது படக்கூடாது.

காக்கை எச்சம் பட்டால் காய்ந்தபின் சுரண்டுவது கூடாது. அதில் உள்ள யூரிக் அமிலமும் மணலும் இரட்டைக் கேடு. ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு, தானாக இளகியதும் எடுக்கவேண்டும். சித்திரை வெயிலில் கருப்பு டேங்க் கை வைக்க முடியாமல் கொதிக்கும். அச்சூட்டில் சில மணி நேரமே எச்சத்தின் தடம் நிலைத்துவிடப் போதுமானது.

வீட்டு வைத்தியங்களைப் பற்றி ஒரு சொல். தேங்காய் எண்ணெய் ஒரு நாள் பளபளக்கும். மறுநாள் ஊர்ப் புழுதியை எல்லாம் வா என்று அழைக்கும். பற்பசையில் அரைப்புத் தூள் இருப்பதால் சிறு கீறலுக்கு ஓரளவு வேலை செய்யும், ஆனால் அதன் அளவு நம் கையில் இல்லை. மண்ணெண்ணெய் தார்ப்பொட்டை நீக்கும். உடனே ஷாம்பு நீரால் கழுவ வேண்டும். தின்னரை மட்டும் தொடாதீர்கள். ஸ்டிக்கர் பசையை எடுக்கப் போய் வர்ணத்தையே கரைத்துவிடும். புளியும் சாம்பலும் பித்தளைக் குடத்தோடு நிற்கட்டும்.

மேட் கருப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை: இனி வரும் பகுதி உங்களுக்கன்று. மேட் வர்ணத்தின் மேற்பரப்பு வேண்டுமென்றே சொரசொரப்பாக்கப்பட்டு ஒளியைச் சிதறடிக்கிறது. அதில் பாலிஷ் பட்ட இடம் வழவழத்துத் திட்டாக மின்னும். அதைத் திருப்ப வழியில்லை.

மற்றவர்கள் இப்படித் தொடங்கலாம். நிழலில், டேங்க் ஆறியபின், நகத்தால் கீறலின் குறுக்கே தடவுங்கள். நகம் மாட்டினால் அது ஆழமான கீறல். அதை அடியோடு போக்க முயலாமல் விடுவதே அறிவுடைமை. மாட்டாவிட்டால் பாலிஷுக்குக் கட்டுப்படும். டேங்கின் விளிம்பு, மட்காட்டின் ஓரம், எழுத்து முத்திரை ஆகியவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வர்ணம் ஈரமாயிருக்கும்போதே விளிம்பிலிருந்து விலகிப் படிவதால் அங்கெல்லாம் பூச்சு மெலிந்திருக்கும். தேய்ந்து தகரம் தெரிவது அங்கேதான். கடையில் கிடைப்பதில் மிக மென்மையான பாலிஷை வாங்கி, ஒரு சாண் சதுர இடத்தில் மட்டும், மொச்சைக்கொட்டை அளவு வைத்து, மிதமான அழுத்தத்தில் நேர்கோடாகத் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் மிஞ்சும் கோடுகள் எல்லாத் திசையிலும் மின்னும். நேராகத் தேய்த்தால் ஒரு திசையில் மட்டும். துடைத்துவிட்டு செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பாதிக் கீறல் போயிருந்தால் நிறுத்திக்கொள்வது என் வழக்கம். முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பாதியே போதும். போதவில்லையெனில் மட்டுமே அடுத்த கரட்டுப் பாலிஷ். டிரில்லிங் மெஷினில் பஞ்சுச் சக்கரம் மாட்டி ஓட்டுவது நம் பக்கம் பரவி வருகிறது. ஒரே இடத்தில் சில நொடி நின்றாலும் வர்ணம் சூடேறிக் கருகும், பழகாதவர் தொடவேண்டாம்.

சில பாலிஷ்களில் எண்ணெயும் சிலிக்கோனும் கலந்து கீறலை நிரப்பி மறைக்கிறார்கள். இரண்டு முறை கழுவியதும் பழைய குருடி கதவைத் திறப்பாள். மறைத்தது எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும்.

பழைய புல்லட் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தனி வேண்டுகோள். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் திருவொற்றியூர் ஆலையில், டேங்கின் தங்கக் கோட்டைக் கலைஞர்கள் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தார்கள். அளவுகோலோ அச்சோ கிடையாது. உற்றுப் பார்த்தால் இடது பக்கக் கோட்டுக்கும் வலது பக்கக் கோட்டுக்கும் மயிரிழை வேறுபாடு தெரியும். மொத்தமாக உரித்து அடித்தால் முதலில் போவது அதுதான். பதிலுக்கு ஒரு ஸ்டிக்கர் வரும். தாத்தாவின் வண்டியில் அந்தக் கோடு இருந்தால், பாலிஷ் போடுமுன் நகநுனியால் மெல்லத் தடவுங்கள். மேடு தட்டுப்பட்டால் கோடு மேற்பூச்சுக்கு வெளியே இருக்கிறது. டேப் ஒட்டி விலக்கிவிடுங்கள். மங்கிய டேங்க், சில கீறல்கள், கலையாத கோடு, இவை மூன்றும் சேர்ந்த வண்டியே புது வர்ணம் அடித்த வண்டியைவிட எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. வீட்டில் உரிக்கச் சொல்லும் பெரியப்பா இருந்தால் அவரிடம் ஒரு சாண் இடத்தை மட்டும் மெருகேற்றிக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

பாலிஷுக்குப் பின் மெழுகு. இது கழிப்பதன்று, பூசுவது. வாக்ஸ் டப்பாக்களில் பெயர்பெற்ற கார்னோபா மெழுகு, வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனையின் இலையில் ஊறுவது. வறட்சியில் நீர் ஆவியாகாமல் காக்க அந்த மரம் தன் ஓலைக்குப் பூசிக்கொள்ளும் மெழுகையே நாம் வண்டிக்குப் பூசுகிறோம். சுமார் 80 பாகை செல்சியசுக்கு மேல்தான் அது உருகும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய பூச்சாகத் தடவி, மங்கியதும் துடைத்தெடுங்கள். தடித்துப் பூசுவது மெழுகுக்கும் கைக்கும் வீண். நம் வெயிலில் ஓரிரு மாதம் நிற்கும். கழுவும்போது நீர் முத்துமுத்தாக உருளாமல் தகடாகப் படர்ந்தால் மறுபடி பூசும் நாள் வந்துவிட்டது என்று பொருள். பாலிஷ் டப்பா அலமாரியிலேயே இருக்கலாம்.