குடும்பத் தலைவர் விற்ற நிலம்

தோட்டப்புறத் தமிழாசிரியரை நாடி வருவோர் எல்லாரும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசவே வருகிறார்கள் என்று சொல்வதற்கில்லை. சிலர் கையில் ஊரிலிருந்து வந்த கடிதம் இருக்கும்; சிலர் கையில் பழைய பத்திரத்தின் நகல் இருக்கும். “ஐயா, பாட்டன் காலத்து நிலத்தைப் பெரியப்பா வித்துட்டாராம். எங்கப்பா கையெழுத்தே போடல. அது செல்லுங்களா?” என்று கேட்பார்கள்.

இக்கேள்விக்கு நம்மவர் இருவகையாக விடை கூறுவதுண்டு. கையெழுத்து இல்லையென்றால் கிரயம் செல்லவே செல்லாது என்பார் ஒரு சாரார். குடும்பத்துக்கு மூத்தவர் செய்தால் செய்ததுதான் என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பிழையே. முதல் விடையை நம்பி வீண் வழக்காடிப் பொருளிழந்தோரும் உண்டு. இரண்டாவது விடையை நம்பி உரிமையைக் கைவிட்டோரும் உண்டு. இந்தியாவிலுள்ள நிலத்துக்கு இந்தியச் சட்டமே பொருந்துமாதலால், அச்சட்டம் இது பற்றிக் கூறுவது யாதென நாம் தெளிந்திருத்தல் நலம்.

கூட்டுக் குடும்பமும் கர்த்தாவும்

இந்துக் கூட்டுக் குடும்பம் என்பது நமக்குப் புதிய சொல்லன்று. மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் அதனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆயினும் அதன் இலக்கணத்தைப் பழைய தரும நூல்களிலேதான் காணவேண்டும். யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் என்பார் எழுதிய உரை மிதாட்சரம் எனப்படும். சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் தோன்றிய இவ்வுரையே தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பெரும் பகுதியில் சொத்துரிமைக்கு அடிப்படையாயிற்று. வங்காளத்திலோ சீமூதவாகனரின் தாயபாகம் செல்வாக்குப் பெற்றது.

இரண்டுக்குமுள்ள பெரிய வேற்றுமை இது: தாயபாக முறையில் தந்தை உயிரோடிருக்கும் வரை மகனுக்குப் பங்கில்லை. மிதாட்சர முறையிலோ பிறப்பினாலேயே பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டாகிறது. ஒரு கிரயம் நடக்கும்போது தாயின் வயிற்றிலிருக்கும் குழந்தையையும் சட்டம் பிறந்த குழந்தையாகவே கருதும். எனவே பூர்வீக நிலம் ஒருவருக்கே உரியதன்று. பங்காளிகள் அனைவர்க்கும் பொதுவானது. பலருக்கும் பொதுவான ஒன்றை யாரேனும் ஒருவர் பராமரிக்க வேண்டுமன்றோ? அவரே கர்த்தா. வழக்கமாகக் குடும்பத்தின் மூத்த ஆண்மகனே கர்த்தாவாக இருந்து வந்தார்.

கர்த்தா வரவு செலவு பார்ப்பார், வரி கட்டுவார், வழக்கு வந்தால் குடும்பத்தின் சார்பில் நிற்பார். இவ்வளவு அதிகாரமும் உடைய அவர், சொத்துக்கு முழு உடைமையாளர் அல்லர். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

மூன்று காரணங்கள்

பலருக்கும் உரிய நிலத்தை ஒருவர் மட்டும் விற்கலாமா? விற்கலாம், ஆனால் மூன்று காரணங்களுக்காக மட்டுமே விற்கலாம் என்கிறது மிதாட்சரம். ஆபத்துக் காலம் ஒன்று. குடும்பத்தின் நன்மை ஒன்று. செய்தே ஆகவேண்டிய தருமக் கடமை ஒன்று. இம்மூன்றில் ஒன்று இருந்தால் மற்றப் பங்காளிகளின் சம்மதம் இல்லாமலே கர்த்தா விற்கலாம். அவர்களுள் மைனர்கள் இருப்பினும், தொலைவில் இருப்பவர்கள் இருப்பினும், அக்கிரயம் அவர்களையும் கட்டுப்படுத்தும். ஒன்றுமே இல்லையெனில் கிரயத்தை மற்றவர்கள் எதிர்க்கலாம். வயது வந்த பங்காளிகள் அனைவரும் மனமொப்பிச் சம்மதித்திருந்தால் பின்னர் அவர்கள் மறுக்க இயலாது.

ஆகவே, “யார் கையெழுத்திட்டார்?” என்று கேட்பதனினும், “எதற்காக விற்றார்?” என்று கேட்பதே முறை. பெரியப்பாவின் கையெழுத்து மட்டும் இருந்தது என்பதால் கிரயம் வீழ்ந்துவிடாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டிலும் இதனை வலியுறுத்தியது. மகன் கையெழுத்திடவில்லை என்பது கர்த்தாவின் ஒப்பந்தத்தைக் கெடுக்காது என்று கூறிற்று.

1856ஆம் ஆண்டுத் தீர்ப்பு

பழைய நூலின் விதியை நீதிமன்றங்கள் வழக்குகளில் எவ்வாறு பொருத்தின என்பதற்கு வழிகாட்டியாக நிற்பது, இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1856ஆம் ஆண்டில் அளித்த அனுமான் பிரசாத் வழக்கின் தீர்ப்பாகும். வட இந்தியாவில் சிறுவன் ஒருவனின் சொத்தை அவன் தாய் நிர்வகித்து வந்தார். அதனை ஈடுவைத்துக் கடன் பெற்றார். அந்த ஈடு சிறுவனைக் கட்டுப்படுத்துமா என்பதே வினா.

மைனரின் சொத்தை நிர்வகிப்பவரின் அதிகாரம் வரம்புக்குட்பட்டது என்று தீர்ப்புக் கூறிற்று. சொத்தின் மீது உண்மையான நெருக்கடி இருந்ததா? தடுக்கவேண்டிய ஆபத்து இருந்ததா? சொத்துக்குக் கிடைக்கும் நன்மை இருந்ததா? இவற்றையே பார்க்கவேண்டும் என்றது. இவ்விதி பின்னர்க் கூட்டுக் குடும்பக் கர்த்தாவுக்கும் பொருத்தப்பட்டது.

அத்தீர்ப்பு மற்றொருவரையும் நினைவிற் கொண்டது. அவர் பணம் கொடுத்தவர். அவர் தேவை உண்டா என்று விசாரிக்கக் கடமைப்பட்டவர். ஆனால் நேர்மையாக விசாரித்து, தேவை உண்டென்று நம்பிப் பணம் கொடுத்தாராயின், பின்னர் அத்தேவை பொய்யென்று தெரிந்தாலும் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. தாம் கொடுத்த பணம் எவ்வாறு செலவாயிற்று என்று அவர் தொடர்ந்து சென்று காவல் காக்க வேண்டியதில்லை. இந்த விதி இல்லாதிருந்தால் என்ன ஆகும்? மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அவசரமாகப் பணம் தேடும் குடும்பத்தை நம்பி ஒருவரும் கடன் தரமாட்டார். ஆகவே வாங்குபவரைக் காப்பது ஒருவகையிற் குடும்பத்தைக் காப்பதேயாம்.

எது தேவை? எது நன்மை?

குடும்பத்தாரின் உணவு, உடை, மருத்துவம், அரசாங்க வரி, பிள்ளைகளின் திருமணம், ஈமக் கடன், சொத்தைக் காக்கும் வழக்குச் செலவு, குடும்பத் தொழிலின் கடன் ஆகியவை தேவை என்று ஒப்புக்கொள்ளப்பட்டவை.

நன்மை என்பதை விளக்குவது சற்றுக் கடினம். 1917ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திலிருந்து பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற பழனியப்பச் செட்டியார் வழக்கு, கோயில் நிலத்தின் நிரந்தரக் குத்தகை பற்றியது. அதில், சொத்து அழியாமற் காத்தல், பகைவர் தொடுத்த வழக்கில் அதனைக் காத்தல், வெள்ளத்தால் கெடாமற் காத்தல் போன்றவை நன்மைக்கு எடுத்துக்காட்டுகளாகக் கூறப்பட்டன. காப்பது மட்டுந்தான் நன்மையா, பெருக்குவது நன்மையாகாதா என்ற வினா பிறகு எழுந்தது. பஞ்சாபைச் சேர்ந்த பால்முகுந்தர் வழக்கில் 1964ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. தற்காப்பு மட்டுமே நன்மையன்று. அறிவுள்ள உடைமையாளர் ஒருவர் தம் சொத்தில் செய்யக்கூடிய செயலாக அது இருக்கவேண்டும் என்றது. அவ்வழக்கில் குடும்பத்துக்கு நெருக்கடியும் இல்லை; விற்பதனால் தெளிவான பயனும் இல்லை; வயது வந்த சகோதரர்களும் இசையவில்லை. ஆதலால் கர்த்தா செய்த விற்பனை ஒப்பந்தத்தை நிறைவேற்ற நீதிமன்றம் மறுத்தது.

தருமக் காரியத்துக்கும் எல்லை உண்டு. சிறு பகுதியை அறத்துக்குக் கொடுக்கலாம். மகளுக்கும் தந்தை நியாயமான அளவு கொடுக்கலாம். ஆனால் அன்பின் பொருட்டு யாருக்கேனும் பூர்வீக நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுப்பது தருமக் காரியம் ஆகாது என 2022ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். தேவைக்கு மேல் சிறிது கூடுதலாக விற்றிருந்தால் என் செய்வது? 1927ஆம் ஆண்டு வழக்கொன்றில் நிலம் 3,500 ரூபாய்க்கு விற்கப்பட்டது. 3,000 ரூபாய்க்குத் தேவை காட்டப்பட்டது. 500 ரூபாய்க்குக் காட்டப்படவில்லை. கிரயம் செல்லும் என்றே பிரிவி கவுன்சில் கூறிற்று. தேவையின் அளவுக்குச் சரியாக வெட்டியெடுத்து விற்பதற்கு நிலம் துணியன்று.

தந்தை பட்ட கடன்

கர்த்தா தந்தையாகவும் இருந்தால் அவருக்கு மேலும் ஓர் அதிகாரம் இருந்தது. முன்பே பட்ட தம் சொந்தக் கடனைத் தீர்ப்பதற்காக அவர் குடும்ப நிலத்தை விற்றால் அது மகன்களைக் கட்டுப்படுத்தும். தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் தருமக் கடமை என்னும் கொள்கையே இதற்குக் காரணம். சூது முதலிய தகாத வழிகளிற் பட்ட கடனுக்கு இது பொருந்தாது. கடனும் விற்பனையும் வேறு வேறான நிகழ்ச்சிகளாக இருத்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அதற்குப் பின் ஏற்பட்ட கடன்களுக்கு இத்தருமக் கடமையைக் காட்டி மகன்மீது வழக்காட முடியாதென நீக்கிவிட்டது. பழைய கடன்களுக்குப் பழைய விதியே.

வழக்கு வந்தால்

வழக்கு மன்றத்தில் நிரூபிக்க வேண்டியவர் யார்? நிலத்தை வாங்கியவரே தேவை இருந்தது என்றோ, தாம் நேர்மையாக விசாரித்தோம் என்றோ மெய்ப்பிக்க வேண்டும். “குடும்பச் செலவுக்காக விற்கிறேன்” என்று பத்திரத்தில் எழுதியிருப்பது மட்டும் போதாது. ஆயினும் பல்லாண்டுகள் கடந்து சாட்சிகள் மறைந்துபோனால் அவ்வாசகத்துக்கு மதிப்புக் கூடும்.

தேவையின்றி விற்கப்பட்டது என்று முடிவானாலும் கிரயம் முழுவதும் அழிந்துபோகும் என்று எண்ணலாகாது. சென்னை மாகாணத்து வழக்கப்படி, பங்காளி ஒருவர் பிரிக்கப்படாத தம் பங்கைக் கிரயம் பெற்றுக் கொடுக்கலாமாதலால், கர்த்தாவின் சொந்தப் பங்கு மட்டும் வாங்கியவரைச் சேரும். மற்றவர் பங்கு தப்பும்.

விற்பதற்கு முன்பே கர்த்தாவைத் தடுத்து நிறுத்தலாமா? பொதுவாக முடியாது என்று 1988ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. விற்றபின் எதிர்க்கலாம்; அல்லது முன்னரே பாகப் பிரிவினை கேட்கலாம். மைனரின் சொத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்னும் 1956ஆம் ஆண்டுச் சட்டமும், பிரிக்கப்படாத குடும்பச் சொத்தைக் கர்த்தா விற்கும்போது பொருந்தாது என 1996ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. காலவரம்பையும் மறக்கலாகாது. தந்தை விற்ற பூர்வீகச் சொத்தை மீட்க, வாங்கியவர் அனுபவத்துக்கு வந்த நாளிலிருந்து 12 ஆண்டுகள் என்பது சட்டம். உரிமை இருந்தும் உறங்கியவருக்கு நீதிமன்றம் உதவ இயலாது.

பெண்மக்களும் பங்காளிகளே

முன்னாளில் மகன்களை மட்டுமே பங்காளிகளாகக் கொண்டனர். தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கும் அவ்வுரிமையை அளித்தது. இந்தியா முழுமைக்கும் 9-9-2005 முதல் மகளும் மகனைப் போலவே பிறப்பினால் பங்காளியானாள். தந்தை அந்நாளில் உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என 2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் 20-12-2004க்கு முன் முறைப்படி நடந்த கிரயங்களை இச்சட்டம் தொடாது. குடும்பத்தின் மூத்த பெண்ணும் கர்த்தாவாகலாம் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2015ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

ஆசிரியர் கேட்கவேண்டியவை

இனி, கடிதத்தோடு ஒருவர் வந்தால் நாம் அவரிடம் சிலவற்றைக் கேட்டுத் தெளிவது நலம்.

முதலாவது: அது உண்மையிலே கூட்டுக் குடும்பச் சொத்துத்தானா? அண்ணன் தம்பிகள் ஒன்றாக வாழ்ந்தார்கள் என்பதனால் மட்டும் சொத்துப் பொதுவாகிவிடாது. 1956ஆம் ஆண்டுக்குப் பின் தந்தையின் சுயார்ஜிதச் சொத்து வாரிசாக மகனுக்கு வந்திருந்தால் அது அம்மகனின் தனிச் சொத்தே என்று 1986ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. இரண்டாவது: பாகப் பிரிவினை முன்பே நடந்ததா? நடந்திருந்தால் அங்கே கர்த்தாவும் இல்லை, கர்த்தாவின் அதிகாரமும் இல்லை. தம் பாகத்தைத் தவிர வேறெதையும் அவர் விற்க முடியாது. மூன்றாவது: எந்தத் தேவைக்கு விற்றார்? நான்காவது: வாங்கியவர் விசாரித்தாரா? ஐந்தாவது: எந்த ஆண்டில் விற்றார்? இவற்றுக்கு விடை கிடைத்தபின் வழக்கறிஞரை நாடலாம்.

மூன்றாவது கேள்விக்கு வரும் விடை சில வேளைகளில் நம்மைத் தலைகுனியச் செய்யும். கடல் கடந்து வந்த தம்பி தன் பங்கை மறக்கவில்லை. ஆனால் பெற்றோரின் மருத்துவச் செலவையும் தங்கையின் திருமணத்தையும் ஊரிலிருந்த அண்ணனே தாங்கியிருப்பார். அவ்வாறாயின் அக்கிரயம் சட்டப்படியும் செல்லும், அறத்தின்படியும் செல்லும். மாறாக, தம்பி தொலைவில் இருக்கிறான் என்பதையே வசதியாகக் கொண்டு விற்றிருந்தால், தொலைவில் இருப்பவனின் பங்கையும் சட்டம் காக்கிறது. கர்த்தா எனும் பெயருக்குரியவர் விற்கும் நாளிலேயே காரணத்தை எழுதி வைத்து, செலவுக் கணக்கையும் பங்காளிகளுக்கு அனுப்பிவிடுவாராயின், ஊரிலிருந்து வரும் கடிதத்தைக் கையில் ஏந்தி ஒருவரும் ஆசிரியர் வீட்டு வாசலில் நிற்க நேராது.