வெக்கையில் விளைந்த விஸ்கி

தைவானின் கவலான் வடிசாலை 'சோலிஸ்ட்' என்ற பெயரில் வெளியிடும் விஸ்கி பாட்டிலின் லேபிளில் வயது இருக்காது. பீப்பாயின் எண் இருக்கும். அந்தப் பீப்பாயிலிருந்து மொத்தம் எத்தனை பாட்டில்கள் நிரம்பின, கையில் இருப்பது அவற்றில் எத்தனையாவது என்பதும் இருக்கும். ஆல்கஹால் அளவுகூடப் பீப்பாய்க்குப் பீப்பாய் மாறும். தண்ணீர் கலந்து எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதில்லை, நிறமும் சேர்ப்பதில்லை.

'சிங்கிள் மால்ட்' என்றாலே ஒரு பீப்பாயில் ஊறியது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொல் குறிப்பது ஒரே வடிசாலையை. அங்கே முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த சாராயம் நூற்றுக்கணக்கான பீப்பாய்களில் ஊறும். பிறகு அவற்றைக் கலந்து, போன ஆண்டின் சுவையே இந்த ஆண்டும் வரும்படி பார்த்துக்கொள்வார்கள். 'சிங்கிள் காஸ்க்' அப்படியல்ல. ஒரு பீப்பாய், அதற்குள் என்ன நடந்ததோ அதுதான் பாட்டிலுக்கு வரும். கலந்து சரிசெய்ய வழியே கிடையாது.

ஆல்கஹாலை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே சேர்த்துவிட்டது. அதைச் சொல்லாமல் இந்தக் கதைக்குள் போக எனக்கு மனமில்லை. ஆனால் மரமும் வெப்பமும் காலமும் சேர்ந்து அந்தப் பீப்பாய்க்குள் நடத்தும் வேதியியல், ஒரு சொட்டும் தொடாதவரும் வியக்கக்கூடியது.

தைவானில் மது உற்பத்தி நெடுங்காலம் அரசின் ஏகபோகமாக இருந்தது. 2002-ல் அந்த நாடு உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது அது முடிவுக்கு வந்தது. டப்பாவில் அடைத்த காபி விற்றுப் பெயர் பெற்றிருந்த கிங் கார் நிறுவனத்தின் தலைவர் டி.டி. லீ, வடகிழக்கு மாவட்டமான யீலானில் விஸ்கி வடிக்க முடிவுசெய்தார். 2005-ல் கட்டுமானம் தொடங்கியது. 2006 மார்ச்சில் முதல் சாராயம் வடிந்தது. கவலான் என்பது யீலான் சமவெளியின் பூர்வகுடி மக்களின் பெயர். நம் காதில் 'காவலன்' என்று விழுந்தாலும் தமிழோடு அதற்கு உறவில்லை.

வெயில் நாட்டில் நல்ல விஸ்கி வராது என்பது அன்றைக்கு வேத வாக்கு. லீ துணைக்கு அழைத்த ஜிம் ஸ்வான் ஸ்காட்லாந்துக்காரர், மரத்துக்கும் மதுவுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த வேதியியலாளர். வெப்பத்தை ஒரு குறையாகப் பார்க்காமல், அதற்கேற்றபடி சாராயத்தையும் பீப்பாயையும் அவர் அமைத்தார்.

சாராயம் உருவாகும் விதம் நமக்குப் புதிதல்ல. முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால் சர்க்கரை போடாமலே லேசாக இனிக்கும். முளைக்கும் தானியத்தில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதால் வரும் இனிப்பு அது. பார்லியிலும் நடப்பது இதுதான். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக்கும். செப்புக் கொப்பரையில் இருமுறை காய்ச்சினால் கண்ணாடிபோலத் தெளிந்த சாராயம் வரும். காரமான கந்தக வாடையைச் செம்பு பிடித்துவைத்துக்கொள்ளும். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுப்பார்கள். ஸ்வான் அந்த நடுப்பகுதியைப் பழவாசனையோடு மென்மையாக இருக்கும்படி வகுத்தார். முரட்டுச் சாராயமாக இருந்தால் அது பதப்படப் பல ஆண்டுகள் வேண்டும். யீலானின் வெக்கை அத்தனை ஆண்டுகளைக் கொடுக்காது.

இனி மரம். வெள்ளை ஓக் வயதாக ஆகத் தன் நீர்க்குழாய்களைக் குமிழ் போன்ற திசுக்களால் தானே அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அதன் பலகையில் செய்த பீப்பாய் ஒழுகுவதில்லை. ஆனாலும் காற்று மெல்ல உள்ளே வரும், ஆவி மெல்ல வெளியே போகும். பலகையைச் சூடாக்கும்போது அதன் லிக்னின் உடைந்து வனிலின் உண்டாகிறது; ஐஸ்கிரீமில் மணக்கும் அதே வனிலின். ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரையாக உடைந்து கருகிய பாகு வாசம் தருகிறது. ஓக்கில் இயல்பாகவே இருக்கும் லாக்டோன்களுக்குத் தேங்காய் மணம். உட்புறம் கருக்கிய கரி மிச்சமிருக்கும் கந்தகச் சேர்மங்களை உறிஞ்சிக்கொள்ளும்.

கவலானுக்காக ஸ்வான் கொண்டுவந்தவை பழைய ஒயின் பீப்பாய்கள். பல ஆண்டுகள் ஒயின் ஊறிய பலகையின் மேல்தோல் சத்திழந்து, புளிப்பேறிப் போயிருக்கும். அந்தத் தோலைச் சீவி எடுத்தார்கள். பிறகு உட்புறத்தை நிதானமான சூட்டில் வாட்டி, கடைசியில் தீயில் கருக்கினார்கள். உள்ளே இறங்கியிருந்த ஒயின் பாகுபட்டது, அடியிலிருந்த புதிய மரமும் வெளியே வந்தது. சீவுதல், வாட்டுதல், கருக்குதல் ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'எஸ்டிஆர்' பீப்பாய் என்று இதைத் தொழிலில் சொல்கிறார்கள்.

இந்த மரத்தை வெப்பம் என்ன செய்கிறது? 'வெயில் நாட்டில் ஓராண்டு, குளிர் நாட்டில் மூன்று ஆண்டுகளுக்குச் சமம்' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இட்லி மாவை நினைத்துப் பாருங்கள். மார்கழியில் விடியும்வரை காத்திருந்தாலும் மாவு சரியாகப் பொங்காது. சித்திரையில் சில மணி நேரத்திலேயே பொங்கிவிடும். ஆனால் சித்திரை மாவு, மார்கழி மாவை வேகமாக ஓட்டிப் பார்த்தது போன்றதல்ல. அதில் புளிப்பு முந்திக்கொள்ளும். வெப்பம் எல்லா மாற்றங்களையும் ஒரே விகிதத்தில் விரைவாக்குவதில்லை என்பதே காரணம். பீப்பாயிலும் இப்படித்தான். நிறமும் துவர்ப்பும் வனிலினும் மரத்திலிருந்து விறுவிறுவென்று இறங்கிவிடும். ஆக்சிஜன் மெல்ல நுழைந்து, அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து பழவாசனை எஸ்டர்கள் உருவாவது அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காது. கொஞ்சம் அசந்தால் சாராயத்தின் குணத்தை மரம் விழுங்கிவிடும். ஆகவே லேபிளில் ஆண்டு எழுதுவதால் வாங்குபவருக்குத் தெரியவருவது அதிகமில்லை. ஒவ்வொரு பீப்பாயையும் முகர்ந்து, ருசித்து, இன்றைக்கு இறக்கலாமா என்று ஒருவர் தீர்மானித்தாக வேண்டும்.

காத்திருப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஸ்காட்லாந்தில் அது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். யீலானில் 10 சதவீதத்தைத் தாண்டும். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2 சதவீத இழப்பில் 12 ஆண்டுகள் கழித்தும் ஏறக்குறைய 157 லிட்டர் மிஞ்சும். 12 சதவீதம் என்றால் ஆறே ஆண்டில் 93 லிட்டர். 12 ஆண்டு காத்திருந்தால் 43. அந்த ஆவியை உண்டு வாழும் ஒரு பூஞ்சையும் உண்டு. உலகெங்கும் சாராயக் கிடங்குகளின் சுவர்களிலும் அருகிலுள்ள மரங்களிலும் கரும்புகைபோலப் படியும் இதன் பெயர் பௌடோய்னியா. பிரான்சில் 1872-லேயே இதைக் கவனித்து எழுதிய பௌடுவானின் நினைவாக வைத்த பெயர்.

2010-ல் எடின்பரோவில் பாட்டிலை மறைத்து நடத்திய ருசிப் போட்டியில், ஸ்காட்லாந்து விஸ்கிகளைப் பின்தள்ளி கவலான் முதலிடம் பெற்றது. வடிசாலையில் முதல் சொட்டு விழுந்து அப்போது நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. 2015-ல் உலக விஸ்கி விருதுகளில் சிறந்த சிங்கிள் மால்ட் என்று தேர்வானது, சீவி வாட்டிக் கருக்கிய ஒயின் பீப்பாயில் ஊறிய 'சோலிஸ்ட் வின்யோ பாரிக்'.

ஸ்வான் 2017-ல் காலமானார். இஸ்ரேலின் டெல் அவிவில் அவர் ஆலோசனை சொன்ன வடிசாலைக்கும் கவலானைப் போலவே வெயிலோடுதான் போராட்டம். ஆனால் எஸ்டிஆர் பீப்பாய்கள் வெயில் நாடுகளோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் வடிசாலை தன் இளம் விஸ்கியை அவற்றில் ஊறவைக்கிறது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் உள்ள கில்கோமன், 2012-ல் வடித்த சாராயத்தை அதே வகைப் பீப்பாய்களில் நிரப்பி, 2019-ல் பாட்டிலில் அடைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது.