தீக்குச்சியும் தாடை எலும்பும்

நமது சங்க அங்கத்தினருள் தீப்பெட்டித் தொழிலை அறியாதார் இல்லை. ஆயினும் சிவகாசிக்கு இத்தொழில் வருமுன்னரே ஒரு கொடிய வியாதி அதனின்று விலக்கப்பட்ட வரலாற்றைப் பலர் அறியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் குச்சியின் தலைக்கு வெண் பாஸ்பரஸ் சேர்த்து வந்தனர். எங்கு உரசினும் அது பற்றிக்கொள்ளும், விலையும் மலிவு. ஆனால் அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளருக்குப் பல்வலி கண்டு, ஈறு சீழ்கொண்டு, முடிவில் தாடை எலும்பே செத்து அழியலாயிற்று. எலும்பை அறுத்தெடுக்க நேர்ந்தவரும் மாண்டவரும் பலர். வியன்னா நகரத்து வைத்தியர் லோரின்ஸர் 1845-ம் ஆண்டில் இந்நோயை விவரித்து எழுதினார்.

அதே பத்தாண்டில் அந்நகரத்து ரஸாயன சாஸ்திரி ஷ்ரோட்டர், காற்றுப்படாமல் காய்ச்சினால் வெண் பாஸ்பரஸ் அந்நஞ்சு நீங்கிச் செம் பாஸ்பரஸ் ஆகும் எனக் காட்டினார். ஸ்வீடன் தேசத்தார் அதனைக் குச்சியில் வையாது பெட்டியின் பக்கத்தில் பூசினர். இன்று நாம் உரசும் பெட்டி அவ்வழி வந்ததே. 1898-ல் பிரான்ஸ் தேசத்து ஸெவேன், காஹென் என்போர், எங்கு உரசினும் பற்றுவதும் தாடையை அழிக்காததுமான வேறொரு குச்சியும் செய்தனர்.

மாற்று வழி கிடைத்தும் நோய் உடனே ஒழியாதது ஏன்? ஒரு தேசம் மட்டும் வெண் பாஸ்பரஸை விலக்கினால், விலக்காத தேசத்தின் மலிவான குச்சி சந்தையைப் பிடித்துக்கொள்ளும் என்ற அச்சமே காரணம். ஆகவே 1906-ம் ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய தேசங்கள் சில ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரில் கூடி, அக்குச்சியைச் செய்வதில்லை, இறக்குமதி செய்வதில்லை, விற்பதில்லை என உடன்படிக்கை செய்துகொண்டன. புதிய முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்த டயமண்ட் கம்பெனி 1911-ல் அவ்வுரிமையைப் பொதுவில் விட்டது. இந்தியாவில் 1913-ம் ஆண்டுச் சட்டம் வெண் பாஸ்பரஸ் குச்சியைத் தடுத்தது.

கல்கத்தாவில் தொழில் பயின்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல்தான் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். ஆதலின் முன்னோர் செய்த உடன்படிக்கையின் பயனை நம்மவர் கேளாமலே பெற்றனர்.

எனினும் தீயின் அபாயம் நம்மை விட்டு நீங்கவில்லை. ஓர் அறையில் அளவுக்கு மிஞ்சி ஆட்களையும் மருந்துக் கலவையையும் சேர்ப்பது தவறென எல்லாரும் அறிவர். தான் மட்டும் குறைத்தால் அடுத்த பட்டறைக்காரன் விலையில் முந்துவான் என்று அஞ்சுகின்றனர். தேசங்கள் அன்று அஞ்சியதும் இதுவே. அவை ஒன்றுகூடி அவ்வச்சத்தை வென்றன. தனியொருவனால் ஆகாததைச் சேர்ந்து செய்வதற்கன்றோ சங்கம் வைத்திருக்கிறோம்?