புத்தாண்டுச் சூரியன் வடக்கே நடக்கிறது

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சிங்கள வீடுகளில் அடுப்பு அணைந்து கிடக்கும் நேரம் ஒன்று உண்டு. நோனகதே என்பார்கள். அந்த நேரத்தில் புது வேலை எதையும் தொடுவதில்லை, சமைப்பதில்லை, பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்கு, போய் வருவார்கள். 2025இல் அது ஏப்ரல் 13 இரவு 8.57க்குத் தொடங்கி மறுநாள் காலை 9.45க்கு முடிந்தது. நடுவே, அதிகாலை 3.21க்கு வருடம் பிறந்தது. பிறப்புக்கு முன்னால் 6 மணி 24 நிமிடம், பின்னால் 6 மணி 24 நிமிடம். மொத்தம் 12 மணி 48 நிமிடம். வருடம் பகலில் பிறந்தாலும் நள்ளிரவில் பிறந்தாலும் இந்த நீளம் மாறுவதில்லை.

அரைநாள் என்று பன்னிரண்டோடு நிறுத்தியிருக்கலாம். பதின்மூன்று என்று முழுசாக்கியும் இருக்கலாம். இந்த 48 நிமிடம் எங்கிருந்து வந்தது?

சூரியனின் அகலத்திலிருந்து.

கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்திப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ ஒரு பாகையை மறைக்கும். ஒரு பாகைக்கு 60 கலை. சூரியத் தட்டு அதில் பாதிதான், சுமார் 32 கலை. (வெறுங்கண்ணால் சூரியனைப் பார்த்து இதைச் சோதிக்க வேண்டாம், நிலவும் கிட்டத்தட்ட அதே அகலம்தான், அதில் பார்த்துக்கொள்ளலாம்.) பூமி சூரியனைச் சுற்றிவர 365 நாள் பிடிப்பதால், நம் கண்ணுக்குச் சூரியன் நட்சத்திரங்களினூடே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது. அதாவது 60 நாழிகைக்கு 60 கலை, கலைக்கு ஒரு நாழிகை. தன் அகலமான 32 கலையைக் கடக்க 32 நாழிகை வேண்டும். நாழிகை என்பது 24 நிமிடம். பெருக்கிப் பாருங்கள்: 768 நிமிடம். பன்னிரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடம்.

மீன ராசி முடிந்து மேட ராசி தொடங்கும் இடத்தில் வானத்தில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டால், சூரியனின் முன்விளிம்பு அதைத் தொடும்போது நோனகதே தொடங்குகிறது, நடுப்புள்ளி கடக்கும் கணத்தில் வருடம் பிறக்கிறது, பின்விளிம்பும் கடந்து முடிந்தபின் அடுப்பு பழையபடி எரியலாம். (அதற்கு முன்பே, பிற்பாதியில், அடுப்பு மூட்டச் சுபநேரம் குறித்துக் கொடுப்பதும் உண்டு, மனிதருக்குப் பசிக்குமல்லவா.) இந்தக் கணக்கு சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலின் கடைசி அத்தியாயத்தில் விதியாகவே இருக்கிறது: சூரியனின் விட்டத்தை 60ஆல் பெருக்கி, அதன் ஒருநாள் நடையால் வகுத்து, பாதியைச் சங்கிராந்திக்கு (சூரியன் ராசி மாறும் கணத்துக்கு) முன்னும் பாதியைப் பின்னும் வை. ஏப்ரலில் பூமி சூரியனிலிருந்து சற்று விலகியிருக்கும். அதனால் சூரியனின் நடையும் கொஞ்சம் மந்தம். இன்றைய துல்லியத்தில் கணக்குப் போட்டால் 13 மணியும் ஓரிரு நிமிடமும் வருகிறது. கால்மணி நேரம்தான் வித்தியாசம்.

இலங்கையின் ஊவா மலையில் உள்ள பெரகலச் சந்தியில் இந்தக் கணக்கின் சிங்கள, தமிழ் வாசிப்புகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக மூச்சு வாங்க ஏறிவரும் பஸ் இங்கே வந்ததும், ஒரு பாதை ஹப்புத்தளைக்கு ஏறும், மற்றது கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்கும். சரிவுகளில் தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் லயமும் கோயிலும். அடுத்த வளைவில் சிங்களக் கிராமமும் பன்சலையும். நம்முடைய தமிழ்ப் பஞ்சாங்கம் விசு புண்ணிய காலத்தைப் பிறப்புக்கு முன் நாலு மணி, பின் நாலு மணி என்று எட்டு மணி நேரத்தோடு முடித்துக்கொள்கிறது. பத்தும் பத்தும் இருபது நாழிகை. சூரியனின் அகலம் இதில் இல்லை. வழிபாட்டுக்கென முழுசாக்கிய எண்போல இருக்கிறது. இந்த இடத்தில் மட்டும் சிங்களக் கணக்குதான் வானத்துக்குக் கிட்ட நிற்கிறது என்பேன்.

மற்றபடி இரண்டு வீட்டிலும் நடப்பதைப் பார்த்தால் ஒரே கூத்துதான். நாம் மருத்துநீர் வைத்து முழுகுகிறோம், தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை. அவர்கள் சில நாள் தள்ளித் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அதே மாதிரி மேலே ஓர் இலை, கீழே ஓர் இலை. நமக்குக் கைவிசேஷம், அவர்களுக்குக் கனுதெனு. நமக்குப் பொங்கல், அவர்களுக்குக் கிரிபத். எந்த இலை, எந்த நிறம், எந்தத் திசை என்பதெல்லாம் வருடத்துக்கு வருடம் சோதிடர் சொல்வது. அதில் வானியல் எதுவும் இல்லை. புத்தரின் சரித்திரத்துக்கும் இந்தப் பண்டிகைக்கும் நேரடித் தொடர்பில்லை. வெசாக், பொசொன், எசல எல்லாம் பௌர்ணமியைப் பிடித்துப் போகிறவை. சிங்களப் பௌத்த வீட்டில் தர்மத்துக்கு நிலா, வருடத்துக்குச் சூரியன் என்று இரண்டு கடிகாரம் ஓடுகிறது. சைவ வீட்டிலும் அப்படித்தான்.

அந்தச் சூரியக் கடிகாரத்தை நம்மவர்கள் எப்படி ஓட்டினார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1825இல் ஜான் வாரன் என்பவர் தென்னிந்தியப் பஞ்சாங்க முறைகளைப் பற்றிக் ‘கால சங்கலித’ என்ற நூலை வெளியிட்டார். அதற்காகப் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பிடித்து, வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். காகிதம் இல்லை. அட்டவணைகள் முழுவதும் மனப்பாடம். எண்களை எழுத்தாக்கிச் சொற்றொடராகக் கட்டி வைத்த வாக்கியங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். நிலவின் ஓட்டத்துக்கு மட்டும் 248 வாக்கியம். அவர் சொன்ன கிரகணத் தொடக்கம் உண்மையிலிருந்து நாலு நிமிடம்தான் தப்பியது, முடிவு ஏறக்குறைய ஒரு மணி நேரம் தப்பியது. பிற்காலத்தில் கணித வரலாற்றாசிரியர் ஆட்டோ நியூகபவர் இதைப் படித்துவிட்டு வியந்து கட்டுரையே எழுதினார். வாக்கியமும், நவீன வானியல் கணக்கில் நடக்கும் திருக்கணிதமும் இன்றும் தமிழ் வீடுகளில் ஒன்றாகப் புழங்குகின்றன. இரண்டும் வெவ்வேறு நேரம் சொல்வதால் பத்திரிகைகள் இரண்டையும் அச்சிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

சரி, தலைக்கு மேலே பார்ப்போம்.

பெரகல பூமத்திய ரேகைக்கு வடக்கே 6 பாகையும் முக்காலும் இருக்கிறது. மார்ச் 20, 21 வாக்கில் பூமத்திய ரேகையைக் கடக்கும் சூரியன் பிறகு வடக்கே ஏறும். ஏப்ரலில் அதன் வேகம் நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஏப்ரல் 5 வாக்கில் இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையில் நட்ட நடு உச்சி. 6, 7இல் பெரகல. 15 வாக்கில் பருத்தித்துறை. அப்புறம் கடல். தீவின் தலைக்கு மேலே சூரியன் தெற்கிலிருந்து வடக்கே நடந்து போக எடுக்கும் பத்து நாளும், கொக்கிசும் பலகாரமும் சுடும் அதே பத்து நாள்தான்.

பெரகலயில் இதைப் பார்க்கக் கருவி வேண்டாம். ஏப்ரல் 6 அல்லது 7, பகல் பன்னிரண்டு கழிந்து எட்டொன்பது நிமிடத்தில், நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு அதை ஒட்டி நேராக நட்ட கம்பி ஒன்று நிழலைத் தொலைத்துவிடும். நிற்கிற ஆளின் நிழல் செருப்புக்குள்ளே போய்விடும். பின்னேரமானால் இடியும் மழையும் வரும், சூடேறிய நிலத்திலிருந்து கிளம்பும் ஈரக்காற்று அந்த மாதத்தில் மலைமேல் கொட்டாமல் போகாது. ஆகவே மத்தியானத்தைத் தவறவிடக் கூடாது. தவறவிட்டவர்களுக்குச் செப்டம்பர் 5 வாக்கில், சூரியன் தெற்கே திரும்பும்போது, இன்னொரு தடவை கிடைக்கும்.

வருடப்பிறப்பும் உச்சிச் சூரியனும் இப்படிச் சேர்ந்து வருவதால், பழையவர்கள் சூரியன் தலைக்கு மேல் வரும் நாளையே புத்தாண்டாக வைத்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உச்சிச் சூரியன் பருவத்தைச் சார்ந்தது. வருடப்பிறப்பு நட்சத்திரத்தைச் சார்ந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று நழுவுகின்றன. பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரம்போல, சுமார் 25,800 வருடத்துக்கு ஒரு சுற்று தலையாட்டுகிறது. அதனால் மேடத்தின் தொடக்கக் கோடு, சூரியன் பூமத்திய ரேகையைக் கடக்கும் புள்ளியிலிருந்து 72 வருடத்துக்கு ஒரு பாகை விலகிப் போகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தது கி.பி. 285ஐ ஒட்டி என்று இந்திய அரசின் பஞ்சாங்கக் கணக்கு கொள்கிறது. இன்று விலகல் 24 பாகை. அதனால்தான் மார்ச் 21 ஏப்ரல் 14 ஆகியிருக்கிறது. வருடப்பிறப்பு நம் நாட்காட்டியில் அறுபது எழுபது வருடத்துக்கு ஒரு நாள் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறது.

இதைத் தரையில் வைத்துப் பார்த்தால்தான் சுவாரசியம். வருடம் பிறக்கும் வேளையில் சூரியன் எந்த அட்சரேகைக்கு நேர் மேலே நிற்கிறது? இப்போது கிளிநொச்சிக்கு. அந்த இடம் வருடத்துக்கு ஏறத்தாழ 600 மீட்டர் வடக்கே நகர்கிறது. ஒரு சித்திரைக்கும் மறு சித்திரைக்கும் இடையில் ஒரு தோட்டத்து டிவிசன் தூரம்.

பின்னோக்கி நடத்திப் பார்க்கலாம். 1890இல் தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கியபோது புத்தாண்டுச் சூரியன் மதவாச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில். மன்னார்ப் பக்கம் கரையிறங்கி வன்னிக் காட்டைக் கால்நடையாகக் கடந்து மாத்தளைக்கு, தோட்ட வேலை தேடி, நம் மூதாதையர் தெற்கே நடந்த அந்த நூற்றாண்டில், அது வடக்கே போய்க்கொண்டிருந்தது. பெரகலக்கு நேர் மேலே அது நின்றது பதினாறாம் நூற்றாண்டில். தேயிலைத் தோட்டமும் இல்லை, கோப்பித் தோட்டமும் இல்லை. 1588இல் போர்த்துக்கேயர் தேவேந்திரமுனையில் இருந்த பெருங்கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்தக் கோயிலின் தெய்வத்தைச் சிங்களவர் பௌத்தத்தின் காவல் தெய்வம் உபுல்வன் என்று வணங்கினார்கள். தமிழருக்கு அது திருமால், தெனாவரை நாயனார்.

இன்னும் பின்னால் போனால், ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுக்கு முன், புத்தாண்டுச் சூரியன் தீவுக்குள் கால்வைத்த இடம் அதே தேவேந்திரமுனைதான். அந்தக் காலத்தில்தான் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ மும்மொழிக் கல்வெட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் உள்ள தேதி 1409. சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தெனாவரை நாயனாருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாவுக்குக் காணிக்கை. 1911இல் காலியில் கண்டெடுத்த அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கல்லுக்கும் சூரியனுக்கும் முடிச்சுப் போட நான் முயலவில்லை. இரண்டும் ஒரே முனையில், ஒரே காலத்தில் வந்து நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

முன்னோக்கி நடத்தினால் கணக்கு சின்னது. இன்னும் எண்பது வருட வாக்கில் புத்தாண்டுச் சூரியன் பருத்தித்துறையைத் தாண்டிக் கடலில் இறங்கிவிடும். இன்று பெரகலப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் பேரப்பிள்ளைகள் அதைக் காண்பார்கள். அதற்கு அடுத்த நூற்றாண்டில் கோடிக்கரை. இன்னும் ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் வருடம் பஞ்சாங்கத்தைத் திருத்தாமல் விட்டால் சித்திரை ஐப்பசியின் பருவத்துக்குப் போய்விடும். ஊவா மலையில் அடைமழைக்குள் நின்று மருத்துநீர் வைக்க வேண்டியதுதான். பெரகலயில் நிழல் தொலையும் நாளோ பருவத்தோடு கட்டுண்டது, அது ஏப்ரல் முதல் வாரத்தை விட்டு அசையாது.

திருத்த ஒருவர் முயன்றும் பார்த்தார். இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் இந்தியா 1952இல் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, இந்த நழுவலை 23 பாகை 15 கலையில் நிறுத்திவிடலாம், சமயப் பண்டிகைகள் இனிமேலாவது பருவத்தை விட்டு விலகாமல் இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. 1957 மார்ச் 22இல் அரசு தன் அலுவல்களுக்குப் புது நாட்காட்டியை ஏற்றது. பஞ்சாங்கக்காரர்கள் அசையவில்லை, தமிழ்நாட்டிலும் இல்லை, இங்கும் இல்லை. அசைந்திருந்தால் புத்தாண்டுச் சூரியன் மாங்குளத்துக்குச் சற்றுத் தெற்கே அப்படியே நின்றிருக்கும்.