மினுக்கும் விளக்கு! லேப்டாப்பில் அதை ஆட்டுவிப்பது யார்?

சென்னை ராயபுரத்தில் 1856-ம் ஆண்டு ரெயில் நிலையம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரெயில் நிலையம் அதுதான். அங்கே ரெயில் பாதை ஓரம் குடியிருப்பவர்களுக்குச் சிக்னல் விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை. விளக்கு தானாக நிறம் மாறாது. எங்கிருந்தோ உத்தரவு வரும். விளக்கு அதற்குக் கீழ்ப்படியும்.

லேப்டாப்பில் உள்ள சின்ன 'வைபை' விளக்கும் அப்படித்தான்!

வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர்

15-9-2011 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கியது. திருவொற்றியூரும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பல ஏழை வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். சென்னை 'சி-டாக்' மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் மாணவர்களுக்கு அறிமுகம் ஆனது.

ஒரே அறை உள்ள வீடு. அப்பா இரவு ஷிப்டு முடித்துத் தூங்குகிறார். மகன் படிக்கிறான். வைபை விளக்கு மினுக் மினுக் என்று கண்ணைக் குத்துகிறது. என்ன செய்வது?

டிரைவர் யார்?

கம்ப்யூட்டருக்குள்ளும் 'டிரைவர்' உண்டு. அது ஆள் அல்ல, ஒரு புரோகிராம். ஒவ்வொரு கருவியையும் ஓட்டுவது அதன் டிரைவர்தான். செய்தி போகும்போதும் வரும்போதும் விளக்கை மினுக்க வைப்பதும் அதுவே.

லினக்சில் இந்த விளக்குகளைக் கட்டுப்படுத்தும் தனி ஏற்பாடு 2006-ம் ஆண்டு வந்தது. இன்டெல் வைபை கருவியின் டிரைவரில் 'லெட் மோட்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதற்கு நான்கு எண்கள்:

0 - கம்பெனி வைத்தபடி
1 - மினுக்காமல் நின்று எரியும்
2 - மினுக்கும்
3 - எரியாது

டிரைவருக்கான அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் 1 என்று எழுதி, லேப்டாப்பை அணைத்துப் போட்டால் போதும். கருவியோடு இணைந்த விளக்கு அமைதி ஆகிவிடும்! சில லேப்டாப்புகளில் விளக்கைக் கட்டுப்படுத்துவது வேறு பகுதி. அங்கே இந்த வழி பலிக்காது.

பணம் பத்திரம்!

முக்கியமான விஷயம் இதுதான். விளக்கு வேறு, வைபை வேறு. விளக்கு எரியாவிட்டாலும் வைபை வேலை செய்யலாம்.

ஆகவே, விளக்கு எரியவில்லை என்றதும் ரிப்பேர் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் இன்டர்நெட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், வைபை பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து டிரைவரைப் பாருங்கள். கடை அதற்குப் பிறகுதான்!

சிக்னல் விளக்கைத் திட்டிப் பயன் என்ன? உத்தரவு போடுபவரை அல்லவா கவனிக்க வேண்டும்!