ஊவா மலைப் புனைகதையில் உழைக்கும் விலங்கு

திணைக்குரிய கருப்பொருள்களுள் விலங்கினையும் ஒன்றாக வைத்து எண்ணினார் தொல்காப்பியர். ஒரு நிலத்து மக்களின் வாழ்வை அவர்களோடு வாழும் விலங்கினைக் கொண்டே ஓரளவு உய்த்துணரலாம். வட்டார நாவல் என்னும் இக்கால இலக்கிய வகைக்கும் இவ்வளவுகோல் நன்கு பொருந்துகிறது.

கி. ராஜநாராயணனின் கரிசற்காட்டில் உழவு மாடு சம்சாரி வீட்டின் ஓர் ஆள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) காட்டும் கொங்கு நாட்டு உறவோ வேறு வகையினது. பண்ணையத்துக்கு ஆட்பட்ட சிறுவன் கூளையன் மேய்க்கும் ஆடுகள் அவனுடையவை அல்ல, கவுண்டருடையவை. அவனும் ஏறத்தாழ அவருடைய உடைமையே. ஆடு காணாமற்போனால் விடை கூற வேண்டியவன் அவன். ஒரே உடைமையாளனின் கீழ் விலங்கும் மனிதனும் அருகருகே நிற்கும் இந்நிலையை மனத்திற் கொண்டு பதுளைப் பகுதித் தோட்டங்களை நோக்குதல் பயன் தரும்.

ஊவா மலைகள் மாட்டை அறியாதவை அல்ல. கடற்கரை உப்பினை மலைக்கு ஏற்றிச் சென்றவை தவளம் எனப்பட்ட பொதிமாடுகள். கோப்பிக் காலத்தில் மாட்டு வண்டிகளே தோட்டங்களின் உயிர்நாடி. புகைவண்டி கண்டியை எட்டியது 1867இல். பதுளையை எட்டியதோ 1924இல். அதற்கு முன் ஊவாவின் விளைபொருள் காளைகளின் தோள்வலியையும் நம்பியிருந்தது.

எனினும் தேயிலைத் தோட்டத்துப் புனைகதையிற் காளைக்கு இடமில்லை எனலாம். காரணம் வெளிப்படை. தேயிலைச் சரிவை எவரும் ஏர் பூட்டி உழுவதில்லை. கொழுந்து பறிப்பது கை. அதைச் சுமப்பது முதுகு. தலையிற் கயிறு மாட்டிக் கூடையைத் தாங்கி, மழையில் வழுக்கும் சரிவேறி நிறுவைக்கு வரும் பெண், பிற வட்டாரங்களிற் பொதிமாட்டுக்கு விதிக்கப்பட்ட வேலையைச் செய்கிறாள். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) முதலாய மலையக நாவல்களின் நடுவே நிற்பது இவ்வுழைப்பே. விலங்கு அங்கே மறையவில்லை. அதன் இடத்தில் மனிதர் நிறுத்தப்பட்டுள்ளனர். முற்காலத் துரைமாருக்கு மட்டும் ஏறிவரக் குதிரை இருந்தது.

ஊவாவின் தலைசிறந்த கதாசிரியரான தெளிவத்தை ஜோசப் (1934–2022) பதுளைப் பகுதித் தோட்டத்திற் பிறந்தவர். தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். அவருடைய 'மீன்கள்' என்னும் சிறுகதை, லயத்தின் ஒற்றை அறையில் ஒரு குடும்பம் நெருங்கிக் கிடப்பதால் விளையும் அவலத்தைக் கூறுவது. ஏறத்தாழப் 10 அடிக்கு 12 அடியான அறைக்குள் மானத்தோடு உறங்கவும் இடமற்றோர் உழவு மாடு எங்ஙனம் கட்டுவர்? கட்டினும் எந்நிலத்தை உழுவர்? நிலமற்றவனுக்கு ஏரில்லை, ஏரில்லாதவனுக்குக் காளையுடன் உறவில்லை.

தொழிலாளிக்குத் தன்னது என்று சொல்ல வாய்த்த விலங்கு கறவைப் பசு. லயத்தின் கோடியில் ஒரு மாட்டுக்காலை, வேலை முடிந்தபின் அறுத்துவரும் புற்கட்டு, விற்பதற்குப் பால், காய்கறித் துண்டுக்கு எரு. கங்காணிக்கும் துரைக்கும் கணக்குக் கொடுக்க வேண்டாத சிறு பொருள் அது. மாட்டுப் பொங்கலன்று அதன் நெற்றியிற் பொட்டிடும் கையே மறுநாள் தோட்டத்துக்காகக் கொழுந்து கிள்ளும்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோராகக் கணிக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. கடவுச்சீட்டு மனிதருக்கே வழங்கப்பட்டது. தலைமன்னாரிற் கப்பலேறியவர் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு போகலாம். பசுவைக் கொண்டு போக இயலாது. பக்கத்து லயத்தாருக்கோ, அயலிலுள்ள சிங்களக் கிராமத்தாருக்கோ விற்க வேண்டும். புறப்படும் நாள் குறித்தபின் விற்பவனுக்கு விலை பேசும் வலிமையும் இராது. கிடைத்த விலைக்குத் தலையசைக்கும் தந்தையும், தும்பை அவிழ்க்க விடாது பற்றி நிற்கும் பிள்ளையும் ஊவாவின் கதாசிரியருக்கு அம்மண்ணே அளித்த மாந்தர்.