யார் மெசேஜ் முதலில் வரும்? துறைமுக கேட் சொல்லும் ‘சீக்வென்ஸ்’ பாடம்

எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். லாரி நகர வேண்டுமானால், கம்ப்யூட்டர்களுக்குள் மெசேஜ்களும் நகர வேண்டும். சுங்கத்துறை, கப்பல் நிறுவனம், கேட், டெர்மினல்... எல்லாம் தனித்தனி சிஸ்டம். இவர்களுக்குள் தகவல் பரிமாறத்தான் ‘பிசிஎஸ் 1எக்ஸ்’ தளம் 2018 டிசம்பரில் அறிமுகமானது.

யார், யாருக்கு, எப்போது, என்ன சொல்ல வேண்டும்? பக்கம் பக்கமாக எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் படமாக வரைகிறார்கள்.

படத்தில் என்ன இருக்கும்?

ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு செங்குத்துக் கோடு. ஒவ்வொரு மெசேஜுக்கும் ஓர் அம்புக்குறி. மேலிருந்து கீழே போகப் போக நேரம் நகர்கிறது. அவ்வளவுதான். இதன் பெயர் ‘மெசேஜ் சீக்வென்ஸ் சார்ட்’. தொலைத்தொடர்புத் துறையில் புழங்கிய இந்தப் படமொழியை, சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 1993-ல் ‘இசட்.120’ என்று தரப்படுத்தியது. ஐடி ஆட்கள் வரையும் யுஎம்எல் ‘சீக்வென்ஸ் டயகிராம்’ இதற்கு நெருங்கிய சொந்தம்.

சிக்கல் எங்கே?

எளிமைக்காக ஒரு கற்பனை உதாரணம். சுங்கத்துறை டெர்மினலுக்கு ‘அனுமதி ஓகே’ என்கிறது. அதற்குக் கீழே, கேட் டெர்மினலுக்கு ‘லாரி வந்தாச்சு’ என்கிறது. படம் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால், முதல் மெசேஜ் போய்ச் சேர்ந்ததா என்பது கேட்டுக்குத் தெரியவே தெரியாது! நெட்வொர்க் தாமதமானால் இரண்டாவது முந்திக்கொள்ளும். படத்தை நம்பி கோடு எழுதியிருந்தால், ‘அனுமதி இல்லை’ என்று லாரி திருப்பி அனுப்பப்படும். காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் கப்பலைத் தவறவிடுவார் ஏற்றுமதியாளர். கூடுதல் நேரம் காத்துக் கிடப்பார் டிரைவர்.

இதற்குப் பெயர் ‘ரேஸ்’. படத்திலேயே இதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை ராஜீவ் அலூர், ஹோல்ஸ்மன், பெலெட் மூவரும் 1996-லேயே விவரித்தார்கள்.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு

வரைந்த படங்களை, வரம்புக்குட்பட்ட நினைவகம் கொண்ட இயந்திரங்களால் அப்படியே நடத்திக்காட்ட முடியுமா? எப்போது முடியும் என்பதற்கான கோட்பாட்டை, சென்னை கணித நிறுவனத்தின் மாதவன் முகுந்த், நாராயண் குமார் உள்ளிட்ட ஐவர் 2005-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

அடுத்த முறை வரையும்போது...

ஒவ்வொரு அம்புக்குறியிலும் நிறுத்திக் கேளுங்கள்: “மேலே உள்ள மெசேஜ் போய்ச் சேர்ந்தது, இதை அனுப்புகிறவருக்கு எப்படித் தெரியும்?” பதில் இல்லையென்றால் இரண்டே வழி. ‘இப்போது அனுப்பலாம்’ என்று இன்னோர் அம்புக்குறி சேருங்கள். இல்லையேல், எது முதலில் வந்தாலும் ஏற்கும்படி கோடு எழுதுங்கள்.